ஆக்ராவில் ஒரு நாளுக்குக் கைடு: பணமும் பொழுதும் எங்கே போகின்றன

ஆக்ராவில் கைடு கிடைப்பதில் கஷ்டமே இல்லை. கன்டோன்மென்ட் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தாலும், கார் நிறுத்துமிடத்தில் இறங்கினாலும், டிக்கெட் கவுன்ட்டரில் நின்றாலும் "கவர்மென்ட் கைடு சார்" என்று ஒருவர் பக்கத்தில் வந்துவிடுவார். தாஜ் மகால், கோட்டை, பதேபூர் சிக்ரி எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடத் துடிக்கிற குடும்பம் அந்த இடத்தில், அந்த அவசரத்தில்தான் ஆளை முடிவு செய்கிறது. அதன்பிறகு நாள் எப்படிப் போகும் என்பதற்குப் பெரும்பாலும் ஒரே கேள்விதான் விடை சொல்லும்: அந்தக் கைடுக்குக் கூலி கொடுப்பது யார், நீங்களா, கடைக்காரரா?

கூலி குறைவு என்பதற்காக ஒப்புக்கொள்வது

உரிமம் பெற்ற கைடுகளுக்கு அரை நாள் என்றால் 4 மணி நேரம், முழு நாள் என்றால் 8 மணி நேரம் என்று கணக்கு உண்டு. எத்தனை பேர் என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். ஐந்து பேர் வரை ஒன்று, அதற்கு மேல் வேறு. ஊரை விட்டு வெளியே அழைத்துப் போனால் தனிப்படி. அந்தக் கட்டணத்தில் கால்வாசிக்கு ஒருவர் நாள் முழுக்க வருகிறேன் என்றால், மீதியை வேறெங்கோ சம்பாதிக்கப் போகிறார் என்றுதான் பொருள். ஆக்ராவில் அந்த இடம் பளிங்குப் பட்டறை, தோல் பொருள் கடை, கம்பளக் கடை, பேட்டா இனிப்புக் கடை. ஆட்களைக் கூட்டிவந்தாலே ஒரு தொகை, விற்றால் அதில் ஒரு பங்கு. டிரைவருக்கும் தனியாக உண்டு. அவ்வளவும் நீங்கள் கொடுக்கிற விலையில்தான் ஏறியிருக்கும்.

பணத்தைவிடப் பெரிய நஷ்டம் பொழுது. ஒரு பளிங்குக் கடையில் நுழைந்தால் கல் அறுப்பதைக் காட்டி, டீ கொடுத்து, மாடிக்கு அழைத்துப்போய் வெளியே விடுவதற்குள் முக்கால் மணி நேரம் கரைந்துவிடும். இரண்டு கடை ஏறினால், யமுனையின் அக்கரையில் இருக்கிற இதிமாத் உத் தௌலா கல்லறை அன்றைய பட்டியலிலிருந்து விழுந்துவிடுகிறது. நூர்ஜகான் தன் பெற்றோருக்காக 1622 முதல் 1628 வரை கட்டியது அது. பளிங்கில் வண்ணக்கல் இழைக்கும் வேலை தாஜுக்கு முன்பே அங்கே முழு வீச்சில் வந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டுத் தாஜுக்குப் போகிறவருக்குத் தாஜ் இன்னும் நன்றாகப் புரியும். கூட்டமும் குறைவு. அதை விட்டுக்கொடுத்துக் கடையில் உட்காருவது உண்மையிலேயே வருத்தமான பேரம்.

டில்லியிலிருந்து "கார், கைடு எல்லாம் சேர்த்து" என்று வாங்குகிற பேக்கேஜில் இந்தச் சிக்கல் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும். பணம் வாங்குவது டில்லியில் ஒருவர், கூட வருவது ஆக்ராவில் ஏறிக்கொள்கிற இன்னொருவர். அவருக்குக் கைக்குப் போவது சொற்பம், சில சமயம் ஒன்றுமே இல்லை. ஆகவே பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்: கைடின் பெயர் என்ன, உரிம எண் என்ன, அவருக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள், நுழைவுச்சீட்டு இதில் சேர்ந்ததா? பதில் மழுப்பலாக வந்தால் காரை மட்டும் எடுத்துக்கொண்டு கைடை நீங்களே தனியாக அமர்த்துவது மேல்.

பேசி முடித்ததை வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பிவிடுங்கள். நாலு வரி போதும்: "எங்கள் குடும்பத்தில் 6 பேர். காலை 6 முதல் மதியம் 2 வரை. தாஜ், கோட்டை, இதிமாத் உத் தௌலா. எந்தக் கடைக்கும் போக மாட்டோம். கூலி இவ்வளவு, நாள் முடிந்ததும் தருகிறோம்." 'கடை வேண்டாம்' என்பதை டிரைவருக்கும் அனுப்ப வேண்டும். கைடு சும்மா இருந்தாலும் டிரைவர் "டாய்லெட்டுக்கு நிறுத்துகிறேன்" என்று கடை வாசலில் நிறுத்தக்கூடும்.

கடைக்குப் போகத்தான் ஆசை என்றால் போகலாம், தவறில்லை. ஆனால் சுற்றிப் பார்த்து முடித்த பிறகு, கைடு இல்லாமல் போங்கள். ராஜஸ்தானின் மக்ரானா பளிங்கு என்று சொல்லி மாக்கல் விற்பது இங்கே பழைய வழக்கம். கண்ணில் படாத அடிப்பக்கத்தை நகத்தால் அழுத்திக் கீறிப் பாருங்கள். மாக்கல் நகத்தைவிட மென்மையானது, கோடு விழும். பளிங்கில் நகம் வழுக்கும். கீற விடாத கடையில் வாங்க வேண்டாம். "ஊருக்குப் பார்சலில் அனுப்புகிறோம்" என்பதையும் ஏற்காதீர்கள். தேர்ந்தெடுத்த துண்டு கையோடு வரட்டும்.

கழுத்தில் அட்டை தொங்குகிறது என்று நம்புவது

மத்திய சுற்றுலா அமைச்சகம், உத்தரப் பிரதேசச் சுற்றுலாத் துறை, தொல்லியல் துறை ஆகியவை உரிமம் கொடுக்கின்றன. அட்டையில் படம், பெயர், எண், கொடுத்த துறை, காலாவதித் தேதி எல்லாம் இருக்க வேண்டும். ஏதோ ஒரு சங்கத்தின் பெயர் போட்ட பிளாஸ்டிக் அட்டை உரிமம் ஆகாது. கையில் வாங்கிப் பார்த்து, போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நேர்மையான கைடு இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். அந்த அட்டைக்காகப் படித்துத் தேர்வெழுதியவர் அவர்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பேரம் பேசி அட்டை காட்டுகிறவர் ஒருவர், காலையில் வந்து நிற்பவர் "அவர் தம்பி". அட்டையில் இருக்கிற முகம்தான் கூட வருகிறதா என்று பாருங்கள்.

தாஜின் விதிகளைத் தெரிந்துகொள்ளாமல் போவது

வெள்ளிக்கிழமை தாஜ் மகாலில் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. கோட்டையும் சிக்ரியும் அன்றும் திறந்திருக்கும். மற்ற நாட்களில் சூரியன் உதிப்பதற்கு அரை மணி முன்னால் திறந்து, மறைவதற்கு அரை மணி முன்னால் மூடுகிறார்கள். இந்தியருக்கு நுழைவு 50 ரூபாய். கல்லறை மேடைக்கு ஏற இன்னொரு 200 ரூபாய். இந்த 200 ரூபாய்ச் சீட்டு இல்லாமல் மேடை வரை நடந்துபோய்த் திரும்புகிறவர்கள் தினமும் இருக்கிறார்கள். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை.

வெளிநாட்டு உறவினர்கள் கூட வந்தால் முன்கூட்டியே கணக்குப் போடுங்கள். மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் என்றால் 1,100 ரூபாயும் மேடைக்கு 200-ம். இலங்கை பாஸ்போர்ட்டுக்கு சார்க் (தெற்காசிய நாடுகள்) கட்டணம் 540 ரூபாய், மேடை தனி. "வாயைத் திறக்காமல் வாருங்கள், இந்தியர் சீட்டிலேயே உள்ளே விடுகிறேன்" என்கிற கைடை அங்கேயே விட்டு விலகுங்கள். வாசலில் அடையாள அட்டை கேட்டால் அசிங்கப்படுவது அவரில்லை, உங்கள் விருந்தாளி.

சீட்டு செல்லுபடியாவது 3 மணி நேரம். அதற்குள் தோட்டம், மேடை, இரு பக்கமும் இருக்கிற மசூதி, விருந்தினர் மண்டபம் எல்லாம் பார்க்க வேண்டும். இங்கேதான் போட்டோக்காரர் பிரச்சினை வருகிறது. உள்ளே உரிமம் உள்ள போட்டோக்காரர்கள் இருக்கிறார்கள்; கைடே ஒருவரை அழைத்துவந்து நிறுத்துவார். எத்தனை படம், ஒரு படம் என்ன விலை, வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா என்பதைப் பேசாமல் தொடங்கினால், ஒரு மணி நேரம் போன பின்பு நாற்பது படத்துக்குப் பில் வரும். பெஞ்சில் உட்கார்ந்து குவிமாடத்தின் நுனியைப் பிடிக்கிற படம் வேண்டும் என்றால் ஐந்து படத்தோடு நிறுத்துங்கள்.

"வரிசையில் நிற்காமல் கூட்டிப்போகிறேன்" என்ற வாக்குக்குக் கூடுதல் பணம் தர வேண்டாம். தொல்லியல் துறையின் இணையதளத்தில் சீட்டு வாங்கிவிட்டால் கவுன்ட்டர் வரிசை உங்களுக்கு இல்லை. சோதனை வரிசையை யாரும் தாண்ட முடியாது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி. எந்த இடத்தில் மறுபடி சேர்வது என்பதைச் சொல்லிவிட்டுப் பிரியுங்கள். தின்பண்டம், தீப்பெட்டி, டிரைபாட், பெரிய பை எதுவும் உள்ளே போகாது. காரிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லாத கைடு தன் வேலையைச் செய்யவில்லை.

கதை சொல்பவரை அறிந்தவர் என்று நினைப்பது

ஷாஜகான் கலைஞர்களின் கைகளை வெட்டினார் என்று அடித்துச் சொல்வார்கள். அப்படி நடந்ததற்கு அக்காலச் சான்று எதுவும் இல்லை. 1639-ல் டில்லியில் ஷாஜகானாபாத் நகரத்தையே தொடங்கிய அரசருக்கு அந்தக் கைகள் தேவையாக இருந்தன. அக்கரையில் கறுப்புத் தாஜ் கட்டத் தொடங்கினார் என்ற பேச்சு, தவர்னியே என்ற பிரெஞ்சுப் பயணியின் எழுத்திலிருந்து கிளம்பியது. அந்த அக்கரையில் இருக்கிற மெஹ்தாப் பாக் தோட்டத்தில் தொல்லியல் துறை 1990-களில் தோண்டியபோது கிடைத்தது எண்கோணக் குளம். தாஜின் பிம்பம் தண்ணீரில் விழுவதற்கு ஏற்ற இடத்தில். கறுப்புத் தாஜைவிட இது எவ்வளவு அழகான செய்தி!

ஆளை அமர்த்துவதற்கு முன் போனிலேயே இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். மும்தாஜ் எங்கே இறந்தார்? 1631-ல் புர்ஹான்பூரில், பதினான்காவது பிரசவத்தில். இரு பக்கமும் ஒத்திருக்கிற தாஜின் உள்ளே அந்த ஒழுங்கில் சேராத ஒன்று எது? ஷாஜகானின் சமாதி. மும்தாஜுடையது நட்டநடுவில், 1666-ல் ஷாஜகான் இறந்த பின் அவருடையதை மேற்குப் பக்கத்தில் சேர்த்தார்கள். மேலே நாம் பார்ப்பவை இரண்டும் அடையாளச் சமாதிகளே, உண்மையானவை கீழறையில் இருக்கின்றன என்பதையும் அவரே சேர்த்துச் சொன்னால், அவரை விடாதீர்கள்.

விளக்கமெல்லாம் வெளியிலேயே முடிய வேண்டும். கல்லறைக்குள் வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும், குரல் எதிரொலிக்கும், படம் எடுக்கவும் தடை. நல்ல கைடு நுழைவாயில் எழுத்துகளின் முன்னே நிறுத்தி, அமானத் கானின் கையெழுத்துக் கலையைக் காட்டி, உள்ளே எதைத் தேட வேண்டும் என்று சொல்லி அனுப்புவார்.

சிக்ரியில் புதிதாக ஒருவர் சேர்ந்துகொள்வது

பதேபூர் சிக்ரி ஆக்ராவிலிருந்து சுமார் 37 கிலோமீட்டர். காரை நிறுத்திவிட்டு மேலே போக வேறு வண்டி. அந்த இடைவெளியில்தான் ஆட்கள் மொய்ப்பார்கள். "நான் மாணவன், காசு வேண்டாம்" என்று தொடங்குகிற பையன் முடிவில் தன் உறவினர் கடைக்குக் கூட்டிப்போவான். ஆக்ராவிலிருந்தே கைடு கூட வந்தால், சிக்ரியையும் அவரே விளக்குவாரா, அங்கே வேறொருவர் கையில் ஒப்படைப்பாரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஒப்படைத்தால் இரண்டு கூலி.

இங்கே இரண்டு பகுதிகள். அரண்மனைகளுக்குச் சீட்டு உண்டு. புலந்த் தர்வாசாவும் ஜும்மா மசூதியும் சூஃபி ஞானி சலீம் சிஷ்டியின் வெண்பளிங்குக் கல்லறையும் இருக்கிற பகுதிக்குச் சீட்டு கிடையாது. சீட்டில்லாத பகுதியில்தான் தொல்லை அதிகம். கல்லறைக்குப் போர்த்தத் துணி வாங்கியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் வேண்டுதல் பலிக்காது என்பார்கள். அப்படி ஒரு கட்டாயம் இல்லை. நம்பிக்கை உள்ளவர்கள் சன்னலில் நூல் கட்டுகிறார்கள். அதுவும் அவரவர் விருப்பம். செருப்பைக் கழற்ற வேண்டும், நடுப்பகலில் முற்றத்துக் கல் கொதிக்கும் என்பதால் காலுறை எடுத்துப்போங்கள்.

அரண்மனைப் பகுதியில் பெயர்களை அப்படியே நம்ப வேண்டாம். 'பீர்பால் வீடு' என்பது அந்தப்புரப் பகுதிக்குள் நிற்கிறது. அமைச்சர் அங்கே குடியிருந்திருப்பார் என்பது பொருந்தாது. நகரம் ஏன் கைவிடப்பட்டது என்று கேட்டால் தண்ணீர்ப் பஞ்சம் என்று ஒரே சொல்லில் முடிப்பார்கள். 1585-ல் அக்பர் வடமேற்கு எல்லையைக் கவனிக்க லாகூருக்கு இடம்பெயர்ந்ததையும் சேர்த்துச் சொல்கிறவரிடம் இன்னும் கேட்க நிறைய இருக்கும்.

மொழியையும் நேரத்தையும் கணக்கில் எடுக்காதது

தமிழ் பேசும் கைடு ஆக்ராவில் அரிது. "வாங்க அண்ணா, நல்லா இருக்கீங்களா" என்று தமிழில் நாலு வார்த்தை சொல்பவருக்குத் தமிழில் விளக்கத் தெரியும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆங்கிலக் கைடை அமர்த்தி, வீட்டில் ஒருவர் தமிழில் சொல்வதுதான் நடைமுறை. அதற்கு இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்திப் பேசும்படி அவரிடம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு இடத்துக்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். பாட்டி தாத்தா கூட இருந்தால் இடங்களைக் குறையுங்கள், நேரத்தைக் குறைக்காதீர்கள்.

டிசம்பர், ஜனவரியில் விடியற்காலை மூடுபனி பிடித்தால் மேடையில் நின்றாலும் குவிமாடம் தெரியாது. அந்த மாதங்களில் கோட்டையை முதலில் பார்த்துவிட்டுப் பத்து மணிக்கு மேல் தாஜுக்குப் போவது நல்லது. ஏப்ரல் முதல் ஜூன் வரை நேர்மாறாக, விடியும்போதே தாஜ். மாலையில் தாஜ் முழுவதையும் ஆற்றின் அக்கரையில் நின்று பார்க்க மெஹ்தாப் பாக். டில்லியிலிருந்து கதிமான் எக்ஸ்பிரஸில் காலை 10 மணிவாக்கில் இறங்கி, மாலை 6 மணிவாக்கில் அதிலேயே திரும்புகிறவர்கள் சிக்ரியை விட்டுவிடுங்கள். போய்வரவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வருகிறவர்கள் டில்லி வரை போய்த் திரும்ப வேண்டியதே இல்லை, ஆக்ரா கன்டோன்மென்டிலேயே இறங்கலாம்.

கூலியைக் கடைசி இடத்தில், பேசியபடி, முழுதாகக் கொடுங்கள். நாள் முழுவதும் ஒரு கடை வாசலைக்கூடக் காட்டாமல், கேட்டதற்கெல்லாம் நின்று பதில் சொன்னவருக்கு அதற்கு மேலும் கொடுங்கள். கமிஷனை விட்டுக்கொடுத்துத்தான் அவர் உங்களோடு நடந்திருக்கிறார். இடையில் மிரட்டலோ தகராறோ வந்தால், சுற்றுலா அமைச்சகத்தின் 1363 எண்ணை இரவும் பகலும் அழைக்கலாம். காலையில் எடுத்த உரிம அட்டைப் படம் அப்போது கைகொடுக்கும்.