கல்வி நேர்மை: உயர்கல்வி நிறுவனங்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

ஒரு பல்கலைக்கழகத்தில் கருத்துத் திருட்டு விவகாரம் வெளியே தெரிந்துவிட்டால், அடுத்து நடப்பது பெரும்பாலும் இதுதான்: சுற்றறிக்கை வரும், மென்பொருள் வாங்குவார்கள், எல்லோரிடமும் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்து வாங்கி வைப்பார்கள். அடுத்த பருவத்திலும் காப்பி அடிப்பது அப்படியே தொடரும். இந்த ஏற்பாடுகள் எல்லாம் தவறு செய்தவரைப் பிடிப்பதற்கானவை. நேர்மையாக எழுதுவது எப்படி என்று கற்றுத்தர இவற்றில் எதுவும் இல்லை. என் பார்வையில் மற்ற தவறுகள் எல்லாம் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

அவற்றில் அதிகம் பரவியிருப்பது, ஒப்புமை சதவீதத்தையே தீர்ப்பாக எடுத்துக்கொள்வது. டர்னிட்டின் போன்ற மென்பொருள், இந்த வாசகம் வேறெங்காவது இருக்கிறதா என்று தேடி, எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்று காட்டும். அது திருட்டா இல்லையா என்று அதற்குத் தெரியாது. 25 சதவீதம் என்று வந்த ஓர் ஆய்வேட்டின் அறிக்கையைத் திறந்து, வண்ணம் விழுந்த இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால், துணைநூற்பட்டியல், மேற்கோள் குறிக்குள் இருக்கும் வரிகள், எல்லோரும் ஒரே மாதிரி எழுதும் ஆய்வக நடைமுறை ஆகியவை மட்டுமே இருக்கக்கூடும். வேறொருவரின் வாதத்தை முழுதாக எடுத்து, சொற்களை மட்டும் மாற்றிய ஆய்வேடு 4 சதவீதத்தில் தப்பிவிடும்.

இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கொண்டுவந்த விதிமுறைகள் 10, 40, 60 சதவீதம் என்று படிநிலை வகுத்தன. 10 வரை தண்டனை இல்லை; 60-ஐத் தாண்டினால் ஆய்வு மாணவரின் பதிவே ரத்தாகும். மூலத்தைக் குறிப்பிட்ட மேற்கோள்கள், துணைநூற்பட்டியல், நன்றியுரை போன்றவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் அதே விதிமுறைகள் சொல்கின்றன. அந்தப் பகுதியை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டால், "எப்படியாவது பத்துக்குள் கொண்டுவா" என்பதே மாணவருக்குக் கிடைக்கும் பாடம். கொண்டுவருவது சுலபம். மூலத்தில் இப்படி ஒரு வாக்கியம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

"மண்ணில் ஈரம் குறையும்போது வேர்கள் ஆழமாகச் செல்கின்றன, அதனால் செடி வறட்சியைத் தாங்குகிறது."

மாணவர் எழுதுகிறார்: "நிலத்தின் ஈரப்பதம் குறைகையில் வேர்கள் ஆழத்துக்கு இறங்குகின்றன, ஆகவே தாவரம் வறட்சியைச் சமாளிக்கிறது."

மென்பொருள் இதைப் பிடிக்காமல் போகலாம். ஆனால் வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது; யாரிடமிருந்து எடுத்தது என்ற குறிப்பும் இல்லை. இதைச் செய்பவர்களில் பலர் ஏமாற்றும் எண்ணத்தில் செய்வதில்லை. "சொந்த நடையில் எழுது" என்று மட்டும் சொல்லிவிட்டோம், எப்படி என்று யாரும் காட்டவில்லை. மூலத்தைப் படித்துவிட்டு மூடிவை, புரிந்ததை எழுது, அப்புறம் திறந்து ஒப்பிட்டுப் பார், பெயரையும் ஆண்டையும் குறிப்பிடு. இதை ஒரு வகுப்பில் செய்துகாட்டி, அடுத்த சில அசைன்மென்ட்களில் திருத்திக் கொடுத்தால் பழகிவிடும். அந்த ஒரு மணி நேரத்தை ஒதுக்காமல் முதலாண்டு மாணவரை விசாரணைக் குழுவின் முன் நிறுத்துவது அநியாயம். காசு கொடுத்து ஆய்வேடு வாங்கியவருக்கும் மேற்கோள் குறியை விட்டவருக்கும் ஒரே தண்டனை என்றால், ஆசிரியர்களே புகார் தரத் தயங்குவார்கள்.

செயற்கை நுண்ணறிவு எழுதியதைக் கண்டுபிடிக்கும் கருவிகளை நம்பிக் குற்றம்சாட்டுவது இன்னும் ஆபத்தானது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே அப்படி ஒரு கருவியை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றது. அந்த நிறுவனத்தின் சொந்தச் சோதனையிலேயே, மனிதர் எழுதியவற்றில் 9 சதவீதத்தை அது இயந்திரம் எழுதியது என்று காட்டியது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபெல் என்ற ஆங்கிலத் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளை ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் இத்தகைய ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தபோது, சராசரியாகப் பாதிக்கு மேல் தவறாகக் குறிக்கப்பட்டன. எளிய சொற்களில் கவனமாக எழுதும் மாணவர்தான் இதில் மாட்டிக்கொள்கிறார். சந்தேகம் வந்தால் அவரை உட்காரவைத்து, இந்த முடிவுக்கு எப்படி வந்தாய், முதல் வரைவு எங்கே என்று கேளுங்கள். அதற்கு முன்பே, ஒவ்வொரு அசைன்மென்ட்டிலும் எதற்குச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்று எழுதிக் கொடுப்பது ஆசிரியரின் கடமை.

கேள்வியை மாற்றாமல் மாணவரை மாற்ற நினைப்பதும் உண்டு. வருஷா வருஷம் அதே தலைப்பு என்றால், சீனியரின் அசைன்மென்ட் கைமாறத்தான் செய்யும். ஆஸ்திரேலியாவில் டிரேசி பிரெட்டாக் தலைமையிலான குழு 8 பல்கலைக்கழகங்களில் 14,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் ஆய்வு நடத்தியது. தங்கள் அசைன்மென்ட்டைப் பிறரைக் கொண்டு எழுதவைப்பதோடு சேர்ந்து வந்த காரணங்களில், கற்பித்தல் சூழலில் இருந்த அதிருப்தியும் ஒன்று. வரைவு வரைவாக வாங்கிப் பார்ப்பது, சமர்ப்பித்த பிறகு ஐந்து நிமிடம் பேசச் சொல்வது எல்லாம் ஆசிரியரின் நேரத்தைத் தின்னும் வேலைகள். வகுப்பில் கூட்டத்தைக் குறைக்காமல் நிர்வாகம் இதை எதிர்பார்க்க முடியாது.

கண்டுபிடித்த பிறகு மூடிமறைப்பது அடுத்த தவறு. ஓர் ஆசிரியர் மாணவரை அறைக்குள் கூப்பிட்டுத் திட்டி அனுப்புகிறார், இன்னொருவர் மேலிடத்துக்கு எழுதுகிறார், மூன்றாமவர் பேர் கெட்டுவிடும் என்று விட்டுவிடுகிறார். சக மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஒருவர் நம்புகிறாரோ, அதுவே அவர் நடத்தையைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்று அமெரிக்க ஆய்வாளர்கள் டொனால்ட் மெக்கேபும் லிண்டா டிரெவினோவும் 1993-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. எல்லாரும் செய்கிறார்கள், யாருக்கும் எதுவும் ஆவதில்லை என்ற எண்ணம் பரவினால் நேர்மையாக எழுதுபவர் தன்னை ஏமாளியாக உணர்வார். பெயர்களை நீக்கிவிட்டு, எத்தனை புகார் வந்தது, என்ன முடிவு எடுத்தோம் என்று ஆண்டுக்கொரு முறை வெளியிடலாம்.

கடைசியாக, எல்லா விதிகளும் மாணவருக்கு மட்டுமே என்று நினைப்பது. மாணவர் எழுதிய கட்டுரையில், அதைப் படித்தே பார்க்காத நெறியாளரின் பெயரும் துறைத்தலைவரின் பெயரும் ஏறுகின்றன. நிதி பெற்றுத் தந்ததும் பொதுவான மேற்பார்வையும் மட்டுமே ஒருவரைக் கட்டுரையின் ஆசிரியராக்காது என்று மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு தெளிவாகச் சொல்கிறது. ஆய்வு தொடங்கும்போதே யார் எதைச் செய்யப்போகிறார், யார் பெயர் வரும் என்று எழுதிவைத்து, கட்டுரை அனுப்பும் முன் அதைத் திரும்ப எடுத்துப் பார்க்கும் வழக்கம் வேண்டும். நெறியாளரை எதிர்த்துப் புகார் சொல்லும் ஆய்வு மாணவர் வேறு நெறியாளரிடம் மாறிக்கொள்ளவும் வழி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் புகாரை யாரும் எழுதவே மாட்டார்கள்.