விஞ்ஞானிக்கு எழுதுமுன்

கிரகணம் வந்தால் எங்காவது ஒரு வீட்டில் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்திவிடுவார்கள். கிரகணம் விட்டதும் தானாகச் சாயும் என்பது நம்பிக்கை. உடனே ஒரு விஞ்ஞானிக்கு மின்னஞ்சல் பறக்கும்: "ஐயா, இது உண்மையா?" அவர் ஏன் பதில் எழுத வேண்டும்? அடியில் உள்ள பூண் தட்டையாக இருந்தால் உலக்கை எந்த நாளிலும் நிற்கும். சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் நிறுத்திப் பார்த்து, படமும் எடுத்து அனுப்பினால் பேச்சு அங்கிருந்து தொடங்கும்.

தானே பார்க்காமல் கேட்பது ஒரு தவறு; அடுத்த தவறு, கேள்வியை அகலமாக வைப்பது. "ஜோதிடம் பொய்தானே?" என்று கேட்டால் "ஆமாம்" என்பதோடு முடிந்துவிடும். வானியலாளர் ஜயந்த் நார்லிகரும் மூடநம்பிக்கை ஒழிப்புக்காக உழைத்த நரேந்திர தபோல்கரும் புணேவில் கையாண்ட வழியைப் பாருங்கள். படிப்பில் சுட்டியான 100 பிள்ளைகள், மனவளர்ச்சி குன்றிய 100 பிள்ளைகள், இவர்களின் பிறந்த விவரங்களைக் கொண்டு ஜாதகம் கணித்தார்கள். ஜோதிடர் ஒருவருக்கு 40 ஜாதகம் கொடுத்து, எது யாருடையது என்று பிரிக்கச் சொன்னார்கள். 27 பேர் விடை அனுப்பினார்கள். சரியாக இருந்தது சுமார் 46 சதவீதம். காசு சுண்டிப் பார்த்திருந்தாலே 50 கிடைத்திருக்கும்! இப்படிச் சோதிக்கக்கூடிய கேள்வியோடு போனால் எந்த விஞ்ஞானிக்கும் ஆர்வம் வரும்.

சீர்திருத்தத்தையும் விஞ்ஞானியின் தலையிலேயே கட்டுவது இன்னொரு தவறு. சோதனையை வடிவமைக்க நார்லிகரைப் போன்ற ஒரு விஞ்ஞானி போதும்; சட்டம் கொண்டுவருவது வேறு வேலை. நரபலி, பில்லிசூனியத்துக்கு எதிரான சட்டத்துக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்தவர் தபோல்கர். 2013 ஆகஸ்டில் அவரைச் சுட்டுக் கொன்ற பிறகுதான் மகாராஷ்டிரத்தில் அந்தச் சட்டமே வந்தது. சர்க்கரை நோயை அடியோடு போக்குவதாக விளம்பரம் கண்டால், இத்தகைய மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் புகார் எழுதுங்கள். இயற்பியல் பேராசிரியர் அதில் என்ன செய்வார்?

வாட்ஸ்ஆப் செய்திகள் பத்தைச் சேர்த்து அனுப்புவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சரி, பதில் வந்துவிட்டது. அனுமதி கேட்காமல் அதை ஊருக்கெல்லாம் பரப்பாதீர்கள். "இதுவரை சான்று இல்லை" என்று அவர் எழுதியதை "பொய் என்று விஞ்ஞானி நிரூபித்தார்" என மாற்றிப் போடுவது அதைவிட மோசம். எதிர்த்தரப்பு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அவரைத்தான் வறுத்தெடுக்கும்; அடுத்த கடிதத்துக்கு உங்களுக்குப் பதில் வராது.