கோர்டோபா போறீங்களா, ஒரு ராத்திரியாவது அங்கயே தங்குங்க

ஸ்பெயின் ட்ரிப் ப்ளான் பண்றவங்க நிறைய பேர் மாட்ரிட், செவில், கிரனாடான்னு போட்டுட்டு நடுவுல கோர்டோபாவுக்கு அரை நாள் ஒதுக்குறாங்க. ட்ரெயின்ல இறங்குறது, மெஸ்கிட்டா (மசூதியா கட்டி அப்புறம் கத்தீட்ரலா மாறின பெரிய கட்டடம்) பாக்குறது, பாலத்துல ஒரு போட்டோ, திரும்ப ட்ரெயின். தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க. இந்த ஊரை நல்லா பாக்கணும்னா காலைல சீக்கிரமும் பொழுது சாஞ்ச பிறகும்தான் பாக்கணும், நடுவுல இருக்கறது டூர் க்ரூப் கூட்டமும் மண்டையைப் பொளக்கிற வெயிலும். டே ட்ரிப் வர்றவங்களுக்கு சரியா அந்த நேரம் மட்டும்தான் கிடைக்குது.

மாட்ரிட் அதோச்சா ஸ்டேஷன்ல இருந்து ஹை ஸ்பீட் ட்ரெயின்ல ஒன்னே முக்கால் மணி நேரம், செவில்ல இருந்து முக்கால் மணி நேரம், அவ்வளவுதான். ஸ்பெயினோட முதல் ஹை ஸ்பீட் லைன் 1992-ல போட்டதே இந்த ரூட்லதான். டிக்கெட்டை கடைசி நேரத்துக்கு வைக்காதீங்க, விலை ஏறிடும். கார் எடுத்துட்டு போறீங்கன்னா பழைய ஊருக்குள்ள கொண்டு போகாதீங்க, வெளி வண்டிக்கு கட்டுப்பாடு இருக்கு, தெருவும் சில இடத்துல ரெண்டு பேர் சேர்ந்து நடக்கற அகலம்தான். ரூம் மட்டும் மெஸ்கிட்டாவுக்கு நடந்து போற தூரத்துல போடுங்க.

அது ஏன்னா, திங்கள்ல இருந்து சனி வரைக்கும் காலைல எட்டரைல இருந்து ஒன்பதரை வரைக்கும் மெஸ்கிட்டா உள்ள போக டிக்கெட் வேண்டாம், க்ரூப்பையும் விட மாட்டாங்க (விசேஷ நாள்ல நேரம் மாறும், முந்தின நாள் வெப்சைட்ல ஒரு தடவை பாத்துடுங்க). எட்டேகாலுக்கே போய் ஆரஞ்சு மரம் இருக்கற முற்றத்துல நில்லுங்க, முற்றத்துக்கு எப்பவுமே காசு கிடையாது. கதவு திறந்ததும் உள்ள போனா கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் தூண், தூண், தூண்தான், 850-க்கு மேல இருக்கு. முதல்ல போட்டோ எடுக்காம ஒரு பத்து நிமிஷம் சும்மா நடங்க.

அப்புறம் வரிசையா பாருங்க, அப்பதான் அந்த கட்டடம் புரியும். முற்றத்துப் பக்கம் மேற்கு மூலைல இருக்கறதுதான் ரொம்ப பழைய பகுதி, அப்ப ஊரை ஆண்ட முஸ்லிம் அரசர் முதலாம் அப்துர் ரஹ்மான் 785 வாக்குல ஆரம்பிச்சது. இங்க ஒரு தூணுக்கும் பக்கத்து தூணுக்கும் ஒத்தே வராது, ஒன்னு கருப்பு, ஒன்னு ரோஸ், ஒன்னு வழவழன்னு இருக்கும், இன்னொன்னுல கோடு போட்டு செதுக்கியிருக்கும். ஏன்னா இதெல்லாம் ரோமன் காலத்து, அவங்களுக்கு அப்புறம் ஆண்ட விசிகோத் காலத்து கட்டடங்கள்ல இருந்து எடுத்துட்டு வந்தது. அந்தத் தூணெல்லாம் உயரம் பத்தல, கூரையை உயர்த்தணுமேன்னுதான் ஒரு வளைவுக்கு மேல இன்னொரு வளைவு வெச்சாங்க. சிவப்பு வெள்ளையா மாறி மாறி தெரியுதே, அது செங்கல்லும் கல்லும்.

இப்ப அங்கிருந்து கிழக்குப் பக்கம் போங்க, 987 வாக்குல, அப்ப ஆட்சியையே கைல வெச்சிருந்த அமைச்சர் அல்மன்சூர் பெருசாக்கின பகுதி அது. வளைவை கிட்ட போய் பாருங்க, செங்கல்லே இருக்காது, முழுக்க கல்லு, சிவப்பை பெயிண்டா அடிச்சிருப்பாங்க. தூண் தலைப்பும் எல்லாம் ஒரே அச்சு. அவசரமா, பெருசா கட்டின வேலைன்னு பாத்தாலே தெரியும். பெரும்பாலான ஆளுங்க இதைப் பாக்காமலே கடந்து போறாங்க, எனக்கு அது ரொம்ப வருத்தமா இருக்கும்.

தெற்கு சுவர்ல மிஹ்ராப் இருக்கு, அதாவது தொழுகை திசையைக் காட்டுற மாடம், கலீஃபா இரண்டாம் அல் ஹகம் 960-கள்ல பண்ணினது. தங்க மொசைக், பைசாந்திய பேரரசர் கலைஞரையும் மொசைக் துண்டுகளையும் அனுப்பி வெச்சு செஞ்ச வேலை. அண்ணாந்து மேல பாருங்க, வளைவுகள் ஒன்னை ஒன்னு வெட்டிக்கிட்டு போய் குவிமாடத்தைத் தாங்குறது தெரியும். நடுவுல ஒரு முழு தேவாலயமே இருக்கும். 1236-ல ஊர் கிறிஸ்தவ அரசர் மூணாம் ஃபெர்னாண்டோ கைக்கு வந்துச்சு, 1523-ல நடுவுல தூண்களை எடுத்துட்டு இதைக் கட்ட ஆரம்பிச்சாங்க, அப்ப ஊர் சபையே எதிர்த்து நின்னுச்சு, பேரரசர் ஐந்தாம் சார்லஸ் சம்மதம் கொடுத்துட்டார். இன்னைக்கும் பூசை நடக்கற கத்தீட்ரல் இது, அதனால தொப்பியைக் கழட்டிடுங்க, சத்தம் போடாதீங்க. ஞாயித்துக்கிழமை காலைல பூசைக்காக நடுவுல மூடுவாங்க. மணிக்கூண்டுக்கு தனி டிக்கெட், நேரம் குறிச்சு கொடுப்பாங்க, பழைய மினார் அதுக்குள்ளயே புதைஞ்சு இருக்கு. ஏறுங்க.

வெளிய வந்ததும் பசிக்கும். மெஸ்கிட்டா சுவருக்கு எதிர்லயே பார் சாந்தோஸ்னு ஒரு சின்ன கடை, வண்டிச் சக்கரம் மாதிரி பெரிய உருளைக்கிழங்கு முட்டை டோர்த்தியா, ஒரு துண்டு வாங்கி எல்லாரும் வெளிய நின்னுதான் சாப்பிடுவாங்க. மதியத்துக்கு சால்மொரேஹோ கண்டிப்பா சாப்பிடுங்க, தக்காளி, ரொட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் அரைச்சு ஜில்லுன்னு கெட்டியா வரும். ஆனா மேல முட்டையும் பன்றி இறைச்சியும் தூவித்தான் கொடுப்பாங்க, சைவம்னா ஆர்டர் பண்ணும்போதே "சின் ஹாமோன், சின் வேவோ"ன்னு சொல்லிடுங்க. கத்தரிக்காயை மெல்லிசா வறுத்து கரும்புப் பாகு ஊத்தி தர்றதும் அருமையா இருக்கும். மதிய சாப்பாடு ரெண்டு மணிக்கு மேலதான், ராத்திரியும் ரொம்ப சீக்கிரம் போனா நிறைய இடத்துல கிச்சன் திறந்திருக்காது.

யூதர் தெரு பக்கம் நிதானமா சுத்துங்க. 1315-ல கட்டின சினகாக் (யூதர்களோட வழிபாட்டு இடம்) சின்ன ரூம் அளவுதான், சுவர்ல ஹீப்ரு எழுத்தோட சுதை வேலை இருக்கும். பக்கத்துல யூத தத்துவ அறிஞர் மைமோனிடிஸ் சிலை, வர்றவங்க எல்லாம் தொட்டுத் தொட்டு அவர் கால் மட்டும் பளபளன்னு ஆகிடுச்சு. கோட்டைச் சுவருக்கு வெளிய முஸ்லிம் தத்துவ அறிஞர் இப்னு ருஷ்து சிலையும் இருக்கு, அவர் 1126-ல இதே ஊர்ல பிறந்தவர். அல்காஸார் கோட்டைல தோட்டத்துக்கு மட்டும் நேரம் வெச்சா போதும், கொலம்பஸ் 1486-ல ஸ்பெயின் அரசி இசபெல்லாவையும் அரசர் ஃபெர்னாண்டோவையும் பாத்தது இங்கதான்.

மே மாசம் முதல் ரெண்டு வாரம் போனா பாத்தியோ திருவிழா, ஆளுங்க அவங்கவங்க வீட்டு முற்றத்தை எல்லாருக்கும் திறந்து விடுவாங்க, காசு வாங்குறதில்ல. சுவர் முழுக்க பூந்தொட்டி, மேல் வரிசைக்கு எப்படி தண்ணி ஊத்துறாங்கன்னு பாருங்க, நீளக் கழி நுனில ஒரு தகர டப்பாவைக் கட்டி, கழுத்து வலிக்க ஒவ்வொரு தொட்டியா. அந்த உழைப்பைப் பாத்தா மரியாதை தன்னால வரும். மத்த மாசம்னா வியானா அரண்மனைக்கு போங்க, அங்க 12 முற்றம் இருக்கு.

பொழுது சாயறப்ப ரோமன் பாலத்தைக் கடந்து கலஹோர்ரா கோபுரம் பக்கம் போய் நின்னு ஊரைத் திரும்பிப் பாருங்க. பாலத்து நடுவுல புனித ரஃபேல் சிலை, 1651-ல வெச்சது, காலடில ஊர்க்காரங்க வெச்ச மெழுகுவர்த்தியும் பூவும் இருக்கும்.

ரெண்டாவது நாள் மெதினா அஸாரா, மேற்கே 8 கிலோமீட்டர். மூணாம் அப்துர் ரஹ்மான் 936 வாக்குல கட்ட ஆரம்பிச்ச அரண்மனை நகரம், உள்நாட்டுப் போர்ல 1010 வாக்குலயே நாசமாப் போச்சு, அப்புறம் கல்லைக்கூட மத்த கட்டடத்துக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க. மிஹ்ராப் பண்ணின அல் ஹகம் இவரோட மகன்தான், அதனால மெஸ்கிட்டாவைப் பாத்துட்டு இங்க வந்தா அப்பன் கட்டினது மண்ணா கிடக்கறதும் மகன் கட்டினது அப்படியே நிக்கறதும் சேர்ந்து மனசுல ஏறும். கீழ மியூசியத்தை முதல்ல பாருங்க, இல்லன்னா மேல வெறும் கல்லாத்தான் தெரியும். மியூசியத்துல இருந்து இடிபாட்டுக்கு ஷட்டில் பஸ் ஓடுது, ஊர்ல இருந்து வர்ற பஸ்ஸுக்கு டூரிஸ்ட் ஆபீஸ்லயே டிக்கெட் கேளுங்க. மேல நிழலே கிடையாது, தண்ணியும் தொப்பியும் அவசியம்.

திங்கக்கிழமை மட்டும் இதுக்கு வெக்காதீங்க, மெதினா அஸாரா, அல்காஸார், சினகாக் மூணுமே அன்னைக்கு லீவு. ஜூலை ஆகஸ்ட்ல 40 டிகிரி தாண்டுறது அங்க சாதாரணம், வயசானவங்களையோ குழந்தைகளையோ கூட்டிட்டு போறீங்கன்னா ஏப்ரல், மே, இல்லன்னா அக்டோபர்ல போடுங்க. மே மாசம் போறதா இருந்தா ரூமை சில மாசம் முன்னாடியே புக் பண்ணிடுங்க.