மலைத் தோட்டத்து மண்ணுக்கேற்ற உழவுக்கருவி

நீலகிரியில் உருளைக்கிழங்கும் காரட்டும் விளையும் தோட்டங்களில் பல, சரிவில் வெட்டிய குறுகலான படிமட்டங்களாக இருப்பதால், கருவி வாங்கும்போது குதிரைத்திறனுக்கு முன்பாக அதன் எடையையும் அகலத்தையும் பார்க்க வேண்டும். நானூறு கிலோவைத் தாண்டும் பவர் டில்லரை, அதாவது பின்னால் நடந்து ஓட்டும் பெரிய உழவு எந்திரத்தை, ஒரு படியிலிருந்து மேல்படிக்கு ஏற்றும்போது கரை இடிந்துவிடலாம். இடிந்த கரை வழியாக அடுத்த மழையில் மேல்மண் ஓடிவிடும். இரண்டு பேர் பிடித்துத் தூக்கிவைக்கக்கூடிய பவர் வீடரே, அதாவது களையெடுக்கவும் மண்ணைக் கிளறவும் உதவும் சிறு எந்திரமே, இத்தோட்டங்களுக்கு ஏற்றது. பள்ளத்தாக்கின் அடியில் அகலமான சமநிலம் உள்ளவர்கள் டில்லர் வாங்கலாம்.

உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. காற்றின் அடர்த்தி குறைந்த அவ்வுயரத்தில் பெட்ரோல் எஞ்சின் தன் வலுவில் சுமார் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும் என்பதால், அதைக் கணக்கிட்டே எஞ்சினைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்கின் நுனியில் கரி படிந்திருந்தால், குறைந்த காற்றுக்குப் பெட்ரோல் மிகுதியாகப் போகிறது என்று பொருள்; இரண்டையும் கலக்கும் கார்புரேட்டரை மெக்கானிக்கிடம் காட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள்.

நம் செம்மண்ணில் களிப்பாங்கு அதிகம். உழுவதற்கு முன் நான்கு விரற்கடை ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உருண்டை பிடித்து, இடுப்பு உயரத்திலிருந்து கீழே விடுங்கள். உருண்டை உதிர்ந்தால் உழலாம். உடையாமல் கிடந்தாலோ விரலில் பசைபோல் ஒட்டினாலோ, எவ்வளவு அவசரமானாலும் காத்திருங்கள். ஒரு ஜூன் மாதத்தில் மழை விட்ட மறுநாளே நான் கருவியை இறக்கினேன். சுழலும் கத்திகள் அடிமண்ணைச் சாந்து பூசியதுபோல் இறுக்கிவிட்டன. அறுவடையில் பிடுங்கிய காரட்டுகள் அந்த அடுக்கில் முட்டி இரண்டு மூன்றாகக் கிளைத்திருந்தன.

உழவு எப்போதும் சரிவுக்குக் குறுக்காகவே இருக்க வேண்டும். மண்ணை மாவாக்கும்வரை ஓட்டக்கூடாது; பொடிந்த மண்ணை மழை எளிதில் அரித்துவிடும்.

வாடகைக்கு வரும் கருவியில் நான் மிகவும் அஞ்சுவது, கத்திகளுக்கு இடையே ஒட்டியிருக்கும் பிறர் தோட்டத்து மண்ணை. உருளைக்கிழங்குச் செடியின் வேரைத் தாக்கும் நுண்ணிய புழுவான முட்டைக்கூட்டு நூற்புழு 1961-இல் உதகையின் விஜயநகரம் பகுதியில் கண்டறியப்பட்டது. அதன் முட்டைகள் அடங்கிய கூடுகள் பயிரில்லாத மண்ணிலும் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். ஆகவே கருவியை அது வேலை செய்த தோட்டத்திலேயே நிறுத்தி, கத்திகளையும் அச்சையும் சக்கரப் பள்ளங்களையும் குச்சியால் சுரண்டி, நீர் பாய்ச்சிக் கழுவிய பிறகே உங்கள் தோட்டத்துக்குள் விடுங்கள்.