தேவைகள் சேகரிப்புக்கு டபிள்யூபிஎஸ் போடுவது எப்படி?

“ரிக்வயர்மென்ட் எடுக்க எத்தனை நாள் ஆகும்?” என்று மேலாளர் கேட்டால், பெரும்பாலும் வாய்க்கு வந்த ஓர் எண்ணைச் சொல்லிவிடுவோம். இரண்டு வாரம். அந்த இரண்டு வாரத்துக்குள் என்னென்ன வேலை இருக்கிறது என்று அவரும் கேட்பதில்லை, நாமும் யோசிப்பதில்லை. கோடிங்கை மணிக்கணக்கில் பிரித்து எஸ்டிமேட் போடும் அதே குழுதான், தேவைகள் சேகரிப்புக்கு (மென்பொருள் என்னென்ன செய்ய வேண்டும் என்று கிளையன்டிடம் கேட்டு எழுதும் கட்டத்துக்கு) அட்டவணையில் ஒரே ஒரு வரி ஒதுக்குகிறது. அந்த ஒரு வரியை எப்படிப் பிரிப்பது என்று பார்ப்போம்.

பிரிக்க உதவும் கருவிதான் டபிள்யூபிஎஸ், அதாவது வொர்க் பிரேக்டவுன் ஸ்ட்ரக்சர். செய்ய வேண்டிய மொத்த வேலையை மேலிருந்து கீழாகக் கிளை பிரித்துக் காட்டும் பட்டியல். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கடற்படையின் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்தை ஒட்டி வளர்ந்த முறை இது. 1968-ல் அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை இதற்கென்றே ‘மில்-எஸ்டிடி-881’ என்ற தரநிலையை வெளியிட்டது. பின்னணி பெரிதாக இருந்தாலும் நமக்குத் தேவை ஓர் எக்செல் தாள், அல்லது ஒரு வெள்ளைப் பலகை, அவ்வளவுதான்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு நூலகத்துக்கான இரவல் மென்பொருளை வைத்துக்கொள்வோம். புத்தகம் கொடுப்பது, திரும்ப வாங்குவது, தாமதமானால் அபராதம் போடுவது.

படி 1: உச்சிப் பெட்டியை முடிவு செய்யுங்கள்

எது கைக்கு வந்தால் இந்தக் கட்டம் முடிந்தது என்று சொல்வீர்கள்? “தேவைகள் சேகரிப்பு” என்று எழுதினால் அதற்கு முடிவே கிடையாது. “ஒப்புதல் பெற்ற தேவைகள் ஆவணம்” என்று எழுதுங்கள். பக்கத்திலேயே எவை இதில் சேரும், எவை சேராது என்றும் குறித்துவிடுங்கள்: டேட்டாபேஸ் வடிவமைப்பு சேராது, மாதிரித் திரைகள் சேரும். இந்த ஒரு வரி இல்லாவிட்டால், “திரையோட கலரையும் இப்பவே முடிவு பண்ணிடலாமே” என்று யாராவது ஆரம்பிப்பார்கள்.

படி 2: அடுத்த மட்டத்தில் பொருள்களை எழுதுங்கள், செயல்களை அல்ல

புதிதாகச் செய்பவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். “கிளையன்டிடம் பேசுதல்”, “ஆய்வு செய்தல்” என்று வினைகளாக எழுதிக்கொண்டே போவார்கள். பேசுதல் எப்போது முடியும்? யாராலும் சொல்ல முடியாது. “உறுதி செய்யப்பட்ட நேர்காணல் குறிப்புகள்” என்று எழுதினால், குறிப்புகள் இருக்கின்றனவா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும்.

சந்தேகம் வந்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: இதை ஒரு மின்னஞ்சலில் இணைத்து அனுப்ப முடியுமா? முடியும் என்றால் அது டெலிவரபிள் (ஒப்படைக்கக்கூடிய பொருள்), பெட்டிக்குள் வரலாம். முடியாது என்றால், அந்தச் செயலால் என்ன கிடைக்கிறது என்று தேடிப் பிடித்து அதை எழுதுங்கள்.

நம் நூலகத்துக்கு இப்படி வரும்:

1 ஒப்புதல் பெற்ற தேவைகள் ஆவணம்
1.1 ஸ்டேக்ஹோல்டர் (மென்பொருளோடு தொடர்புள்ளவர்கள்) பட்டியல்
1.2 நேர்காணல் குறிப்புகள்
1.2.1 இரவல் மேசை ஊழியர்கள்
1.2.2 உறுப்பினர்கள்
1.2.3 கணக்குப் பிரிவு
1.2.4 இரண்டாம் சுற்று விளக்கங்கள்
1.3 இப்போதைய நடைமுறை விளக்கம் (பதிவேடுகள், படிவங்கள், எக்செல் தாள்கள்)
1.4 ஆவண வரைவு
1.4.1 செயல் தேவைகள் (மென்பொருள் என்ன செய்ய வேண்டும்)
1.4.2 தரத் தேவைகள்
1.4.3 மாதிரித் திரைகள்
1.5 மறுபார்வையும் ஒப்புதலும்
1.5.1 தொகுத்த மறுபார்வைக் கருத்துகள்
1.5.2 திருத்திய ஆவணம்
1.5.3 கையெழுத்தான ஒப்புதல் படிவம்
1.6 திட்ட மேலாண்மை (நிலை அறிக்கைகள், கூட்டக் குறிப்புகள்)

எண்கள் அலங்காரத்துக்கு அல்ல. 1.2.3 என்று சொன்னாலே அது 1.2-ன் கீழ் வருகிறது, அதுவும் 1-ன் கீழ் வருகிறது என்பது புரிந்துவிடும். டைம்ஷீட்டிலும் இதே எண்ணைப் போட்டால், எந்த வேலை எவ்வளவு நேரத்தைத் தின்றது என்று பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

படி 3: எதுவரை பிரிப்பது?

ஒருவரை நம்பி ஒப்படைக்கக்கூடிய, நேரத்தை ஓரளவு சரியாகச் சொல்லக்கூடிய அளவு வந்ததும் நிறுத்துங்கள். அந்தக் கடைசிப் பெட்டிக்கு வொர்க் பேக்கேஜ் என்று பெயர். 8/80 என்று ஒரு பழைய விதி உண்டு: 8 மணி நேரத்துக்குக் குறைவான துண்டும் வேண்டாம், 80 மணி நேரத்துக்கு மேற்பட்ட துண்டும் வேண்டாம். சிறிய திட்டங்களுக்கு 80 என்பது மிக அதிகம் என்பது என் கருத்து. தேவைகள் சேகரிப்பில் 40-ஐத் தாண்டும் பெட்டி எதுவாக இருந்தாலும், அதற்குள் நாம் இன்னும் யோசிக்காத ஏதோ ஒன்று ஒளிந்திருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

1.2.1-ஐ மட்டும் திறந்து பார்ப்போம். இரவல் மேசை ஊழியர்களோடு ஒரு நேர்காணல். கேள்விகள் தயாரிக்க 3 மணி நேரம், அவர்களிடம் நேரம் வாங்க 1, உட்கார்ந்து பேச 2, குறிப்பை ஒழுங்காக எழுத 4, எழுதியதை அவர்களிடமே காட்டிச் சரிபார்க்க 2. மொத்தம் 12. பேசுவது இதில் இரண்டே மணி நேரம்தான், ஆனால் எஸ்டிமேட்டில் அந்த இரண்டு மட்டும்தான் பெரும்பாலும் ஏறும். (இந்த ஐந்தும் செயல்கள், ஆகவே டபிள்யூபிஎஸ்-ல் தனிப் பெட்டிகளாகப் போடாதீர்கள். அட்டவணை தயாரிக்கும்போது பயன்படும்.)

சரி, 1.2.4 எதற்கு? ஊழியர் ஒருவர், “லேட்டா கொண்டுவந்தா அபராதம் போடுவோம்” என்கிறார். நீங்களும் எழுதிக்கொள்கிறீர்கள். மேசைக்குத் திரும்பி அதைத் தேவையாக எழுத உட்காரும்போதுதான் கேள்விகள் முளைக்கும். விடுமுறை நாளும் தாமதக் கணக்கில் சேருமா? அபராதத்துக்கு உச்ச வரம்பு உண்டா? தள்ளுபடி செய்ய யாருக்கு அதிகாரம்? பாக்கி இருந்தால் அடுத்த புத்தகம் கொடுக்கலாமா? கடைசிக் கேள்விக்கு மேசை ஊழியர் ஒரு பதில் சொல்வார், கணக்குப் பிரிவு வேறு பதில் சொல்லும். இந்த முரண்பாட்டைத் தீர்ப்பதும் வேலைதான், அதற்கும் நேரம் வேண்டும். முதல் சுற்றிலேயே எல்லாம் தெரிந்துவிடும் என்று நம்பிப் போடும் திட்டம் இங்கேதான் வழுக்கும். எத்தனை கேள்விகள் வரும் என்று முன்கூட்டித் தெரியாது, ஆனால் வரும் என்று தெரியும். அதனால் பெட்டியை இப்போதே போட்டுவிடுங்கள்.

தரத் தேவைகளையும் (1.4.2) ஒரு வரியில் தாண்டிவிட வேண்டாம். வேகம், பாதுகாப்பு, பயன்படுத்தும் எளிமை ஆகியவற்றை யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். ஐஎஸ்ஓ/ஐஇசி 25010 என்ற தரநிலை மென்பொருளின் தரப் பண்புகளை வகைப்படுத்தியிருக்கிறது: 2011 பதிப்பில் 8, 2023 திருத்தத்தில் 9. அதைச் சரிபார்ப்புப் பட்டியலாக வைத்துக்கொண்டு கேள்வி கேட்கலாம்.

படி 4: நூறு சதவீத விதி

இப்போது கீழிருந்து மேலே வாருங்கள். 1.5.1, 1.5.2, 1.5.3 மூன்றும் முடிந்தால் 1.5 முழுமையாக முடிந்துவிடுமா? ஏதாவது விடுபடுகிறதா? தேவையில்லாத எதுவும் நுழைந்திருக்கிறதா? கீழே இருப்பவை எல்லாம் சேர்ந்தால் மேலே இருப்பது கூடாமல் குறையாமல் வர வேண்டும். 1.6-ஐப் பலர் விட்டுவிடுவது இதனால்தான் பிடிபடும்: வாராந்திர நிலை அறிக்கையை யாரோ எழுதத்தான் செய்கிறார்கள்.

படி 5: ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு குறிப்பு

டபிள்யூபிஎஸ் அகராதி என்பார்கள். பெட்டியின் பெயர் மட்டும் போதாது, ஆளாளுக்கு ஒரு பொருள் எடுத்துக்கொள்வார்கள். 1.2.1-க்கு இப்படி எழுதலாம்:

கிடைப்பது: இரவல் மேசை நேர்காணல் குறிப்பு.
பொறுப்பு: பிசினஸ் அனலிஸ்ட் (தேவைகளைக் கேட்டு எழுதுபவர்).
முடிந்தது என்பதற்கு அடையாளம்: பேசிய ஊழியர் குறிப்பைப் படித்து “சரி” என்று மின்னஞ்சல் அனுப்பியிருக்க வேண்டும்.
முன்தேவை: 1.1.
நேரம்: 13 மணி.

மேலே கூட்டியபோது 12 வந்ததே என்கிறீர்களா? மூன்று மதிப்பீடுகள் எடுத்தேன்: எல்லாம் நல்லபடியாகப் போனால் 8, வழக்கமாக 12, சொதப்பினால் 22. நடு மதிப்பை 4-ஆல் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, 6-ஆல் வகுத்தால் 13.

ஒப்புதலுக்கு மட்டும் இரண்டு எண்கள் எழுதுங்கள். கருத்துகளைத் தொகுக்க நமக்கு 8 மணி நேரம் போதும். ஆனால் மறுபார்வையாளர்கள் ஆவணத்தைத் திறந்து பார்க்கவே ஐந்து வேலை நாள்கள் ஆகலாம். உழைப்பு வேறு, காத்திருப்பு வேறு. இரண்டையும் ஒரே எண்ணாக எழுதினால் அட்டவணை, செலவு இரண்டுமே தப்பாகும்.

அஜைல் முறையில், அதாவது ஸ்பிரிண்ட் எனப்படும் சிறு சிறு சுற்றுகளாக, வேலை செய்பவர்கள் எல்லாக் கிளைகளையும் இன்றே அடிவரை பிரிக்க வேண்டியதில்லை. அடுத்த இரண்டு ஸ்பிரிண்டுக்குரிய கிளையை மட்டும் நுணுக்கமாகப் பிரித்துவிட்டு, மற்றதை மேல் மட்டத்திலேயே விடலாம்.

பட்டியல் தயாரானதும் கிளையன்டிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். “நன்கொடையா வர்ற புத்தகத்தைப் பார்க்கிற பிரிவு எங்கே?” என்று அப்போதுதான் கேட்பார்கள். அதை 1.2.5 என்று சேருங்கள், பழைய எண்களை மாற்றாதீர்கள். அப்புறம் அகராதிக் குறிப்பை எழுதி, மொத்த நேரத்தைத் திரும்பக் கூட்டி, புதிய எண்ணை மேலாளருக்கு அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.