டான் குயிக்ஸாட்டைப் பென்சிலோடு படிப்பது

செர்வாண்டெஸ் எழுதிய ஸ்பானிய நாவல் ‘டான் குயிக்ஸாட்’. தன்னை ஒரு மாவீரனாகக் கற்பனை செய்துகொள்ளும் குயிக்ஸாட், காற்றாலைகளை அரக்கர்கள் என்று நினைத்துச் சண்டைக்குப் போகிறான். முதல் தடவை அந்தக் காற்றாலைச் சண்டையோடு புத்தகத்தை மூடிவிட்டேன். அது எட்டாம் அத்தியாயம்தான்! அடுத்த தடவை பென்சிலோடு உட்கார்ந்தேன். ஒவ்வொரு காட்சிக்கும் ஓரத்தில் மூன்று குறிப்பு: கதைசொல்லி சொல்வது, குயிக்ஸாட் பார்ப்பது, அவனுடைய பணியாள் சான்சோ சொல்வது. நாவிதரின் பித்தளைத் தட்டு குயிக்ஸாட்டுக்குத் தங்கத் தலைக்கவசம். சான்சோ பிற்பாடு தட்டு, தலைக்கவசம் இரண்டுக்குமான ஸ்பானியச் சொற்களை ஒட்டி ‘பாசியெல்மோ’ என்று ஒரு சொல்லையே உண்டாக்குகிறான். அதை அடிக்கோடிடுங்கள்.

அப்புறம் 1615இல் வந்த இரண்டாம் பாகத்தின் பத்தாம் அத்தியாயம். கழுதைமேல் வரும் குடியானவப் பெண்ணைக் காட்டி, இதோ துல்சினேயா, குயிக்ஸாட் தன் கற்பனையில் போற்றும் சீமாட்டி, என்று சான்சோ புளுகுகிறான். குயிக்ஸாட் கண்ணுக்கோ வெறும் குடியானவப் பெண்தான் தெரிகிறாள். என் குறிப்புகள் இங்கே தலைகீழாகின. சரி, இப்போது காற்றாலைப் பக்கத்தைத் திரும்பப் புரட்டுங்கள்.