லாரி கேபினில் இன்வெர்ட்டர்: வாட்ஸைப் பார்த்து வாங்கி ஆம்ப்ஸில் மாட்டிக்கொள்ளும் தவறுகள்

"கெட்டில் போட்டால் பீப் பீப் என்று கத்துகிறது, தண்ணீர் கொதிப்பதற்குள் நின்றுவிடுகிறது. பெட்டியே சரியில்லை, மாற்றிவிடலாம்" என்றார் ஓர் ஓட்டுநர். 12 வோல்ட் வண்டி, 1000 வாட்ஸ் இன்வெர்ட்டர். கெட்டிலை ஓடவிட்டுக்கொண்டே மீட்டரை பேட்டரி முனைகளில் வைத்தேன்: 12.0 வோல்ட். அதே மீட்டரை இன்வெர்ட்டரின் பின்பக்கத் திருகுகளில் வைத்தேன்: 10.8. நடுவில் 1.2 வோல்ட் காணோம். ஒயரைத் தொட்டதும் கையை எடுத்துக்கொண்டேன், அவ்வளவு சூடு. காணாமல்போன வோல்ட் அங்கேதான் எரிந்துகொண்டிருந்தது. பெட்டியை மாற்றவில்லை. ஒயரை மாற்றினோம், கத்தல் நின்றது.

லாரியில் இன்வெர்ட்டர் வைத்தவர்கள் சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். பெட்டிக்குள் கோளாறு அபூர்வம். பேட்டரியிலிருந்து பெட்டி வரைக்கும் உள்ள அந்த இரண்டு மூன்று மீட்டரில்தான் எல்லாமே நடக்கிறது.

அட்டையில் வாட்ஸ், ஒயரில் ஆம்ப்ஸ்

வீட்டில் 230 வோல்ட்டில் 1000 வாட்ஸ் என்றால் நாலரை ஆம்ப்ஸ்கூட இல்லை. மெல்லிய ஒயரே தாங்கும். அதே 1000 வாட்ஸை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுக்க வேண்டுமானால், மாற்றும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்து, கிட்டத்தட்ட 100 ஆம்ப்ஸ். 24 வோல்ட் வண்டியில் 50. மனக்கணக்குக்குச் சுலபமாக ஒன்று வைத்துக்கொள்ளலாம்: 12 வோல்ட் வண்டியானால் வாட்ஸைப் பத்தால் வகுங்கள், 24 வோல்ட் வண்டியானால் இருபதால் வகுங்கள். வருவதுதான் உங்கள் ஒயர் தாங்க வேண்டிய ஆம்ப்ஸ்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே முதல் தவறு தெரிந்துவிடும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் ஃபியூஸ் பொதுவாக 10 அல்லது 15 ஆம்ப்ஸ். 12 வோல்ட்டில் அது 100, 150 வாட்ஸுக்கு மேல் தாங்காது. லேப்டாப் சார்ஜர், சின்ன ஃபேன், அதோடு சரி. ஃபியூஸ் போகிறதே என்று பெரிய ஃபியூஸாகப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்போது ஃபியூஸ் போகாது, டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய ஒயர் உருகும். அது எந்த ஒயர்களோடு சேர்ந்து கட்டப்பட்டிருக்கிறது என்பதை அப்புறம் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

நேரடியாக பேட்டரியிலிருந்து எடுக்கும்போது, 12 வோல்ட், 1000 வாட்ஸ், மூன்று மீட்டர் தூரம் என்றால் 35 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போடுங்கள், உறையோடு சுண்டுவிரல் தடிமன் இருக்கும். 24 வோல்ட்டில் அதே வேலைக்கு 16 போதும். முதலில் சொன்ன வண்டியில் இருந்தது 10. பெட்டியோடு இலவசமாக வரும் ஒயர் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குக் குறைவாக இருக்கும். அந்த நீளத்துக்கு அது சரியாகவே இருக்கலாம். அதே தடிமனில் இன்னும் இரண்டு மீட்டர் வாங்கி ஒட்டுப்போடுவதில்தான் வினை வருகிறது.

வாங்கும்போது ஒயரின் ஓர் இழையை உருவி, கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம், மேலே செம்பு முலாம் மட்டும். கையில் எடுத்தாலே எடை இல்லாமல் இருக்கும். அதே தடிமனில் செம்பைவிட மின்தடை அதிகம், திருகுக்கு அடியில் நசுங்கி நாளடைவில் தளர்ந்தும் போகும். உறை தடித்து, உள்ளே செம்பு குறைந்த ஒயரும் உண்டு. வெளிவிட்டத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

ஃபியூஸ் எங்கே

இன்வெர்ட்டருக்குள் ஃபியூஸ் இருக்கிறது, அது போதும் என்று நினைப்பது தவறிலேயே பெரிய தவறு. உள்ளே இருப்பது பெட்டியைக் காப்பாற்றப் போட்டது. ஒயரை யார் காப்பாற்றுவது? ஒயர் சேஸியில் உரசி உறை தேய்ந்து பிளஸ் தொட்டுவிட்டால், மின்சாரம் பெட்டி வரைக்கும் போகவே போகாது. பேட்டரியிலிருந்து புறப்பட்டு உரசிய இடத்திலேயே சேஸிக்கு இறங்கிவிடும். லாரி பேட்டரி அந்த நேரத்தில் ஆயிரம் ஆம்ப்ஸுக்கு மேல்கூடக் கொட்டும். சில நொடிகளில் ஒயர் சிவந்து எரியும். ஆகவே ஃபியூஸ் பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். 12 வோல்ட்டில் 1000 வாட்ஸுக்கு 125 ஆம்ப்ஸ், 24 வோல்ட்டில் 60, 70 ஆம்ப்ஸ் அளவில், போல்ட் வைத்து முடுக்கும் வகை. ஒயரின் தாங்கும் திறனைவிட ஃபியூஸின் அளவு ஒருபோதும் கூடக் கூடாது.

இன்னொரு விஷயம், லாரிக்கே உரியது. கேபின் முன்பக்கம் சாயும் வண்டியாக இருந்தால், பேட்டரி சேஸியில், இன்வெர்ட்டர் கேபினில். கேபின் கீழே இருக்கும்போது கச்சிதமாக இழுத்துக் கட்டிய ஒயர், கேபினைச் சாய்த்த அன்றைக்கு என்ன ஆகும்? பிய்த்துக்கொண்டு வரும், இல்லையென்றால் உறை கிழிந்து அப்படியே நிற்கும். சாயும் இடத்தில் வண்டியின் மற்ற ஒயர்கள் எப்படி வளைத்து விடப்பட்டிருக்கின்றன என்று பார்த்து, அதே வழியில் அதே அளவு தளர்வாக விடுங்கள். தகடு வழியாக ஒயர் நுழையும் துளைகளில் ரப்பர் புஷ் கட்டாயம்.

மைனஸுக்கு அருகில் இருக்கும் ஏதோ ஒரு போல்ட்டைப் பிடிப்பதையும் விட்டுவிடுங்கள். பெயின்ட்டும் துருவும் படிந்த இடத்தில் 50, 100 ஆம்ப்ஸ் போக வேண்டுமென்றால் அந்த இடம் கொதிக்கும். பிளஸுக்குப் போட்ட அதே தடிமனில் மைனஸும் பேட்டரி வரைக்கும் போகட்டும். முதலை வாய் கிளிப் சோதித்துப் பார்க்க மட்டும். லாரி அதிர்வில் அது ஒரு வாரம் தாங்கினால் ஆச்சரியம்.

24 வோல்ட் வண்டியில் ஒற்றை பேட்டரி

வீட்டில் சும்மா கிடக்கும் 12 வோல்ட் இன்வெர்ட்டரை 24 வோல்ட் லாரியில் மாட்ட ஒரு 'யோசனை' எல்லா இடத்திலும் உலவுகிறது. இரண்டு 12 வோல்ட் பேட்டரி வரிசையாக இருக்கிறதே, ஒன்றிலிருந்து மட்டும் எடுத்தால் 12 வோல்ட் கிடைத்துவிடும், அவ்வளவுதானே? கிடைக்கும். முதல் நாள் நன்றாகவே வேலை செய்யும், அதுதான் இதில் உள்ள சூழ்ச்சி.

இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் இரண்டு பேட்டரியையும் சேர்த்து ஒன்றாகத்தான் பார்க்கும், சுமார் 28 வோல்ட் கொடுக்கும். நடுவில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. நீங்கள் எடுத்த பேட்டரி காலியாகி இருக்கிறது, மற்றது நிறைந்து இருக்கிறது. ஆளுக்கு 14 என்று பங்கு பிரிவதற்குப் பதிலாக, காலியான பேட்டரிக்கு 13 சொச்சம், நிறைந்ததற்கு 15 வரைக்கும்கூடப் போகும். ஒன்று எப்போதும் அரைப் பட்டினி, மற்றது கொதித்துத் தண்ணீர் வற்றும். சில மாதங்களில் இரண்டுமே போய்விடும், பழி பேட்டரிக் கம்பெனி மேல் விழும். 24 வோல்ட் வண்டிக்கு 24 வோல்ட் இன்வெர்ட்டரே வாங்குங்கள். 12 வோல்ட் சாமான்களுக்கு 24-லிருந்து 12-ஆகக் குறைக்கும் கன்வெர்ட்டர் தனியாகக் கிடைக்கிறது.

காலையில் செல்ஃப் எடுக்குமா

"லோ வோல்ட்டேஜ் கட்-ஆஃப் இருக்கிறது, பேட்டரி இறங்கினால் தானாக நின்றுவிடும்" என்ற நம்பிக்கையில் ஏசி, டிவி எல்லாவற்றையும் போட்டுவிட்டுத் தூங்குகிறவர்கள் உண்டு. அது பொதுவாக 10.5 வோல்ட் வாக்கில் நிறுத்தும், 24 வோல்ட் வகையில் 21. ஓய்வாக இருக்கும் பேட்டரி 12.6 காட்டினால் நிறைவு, 12.2 காட்டினால் பாதி. சின்னச் சுமையில் மெல்ல மெல்ல 10.5-க்கு இறங்கிவிட்டது என்றால் உள்ளே ஏறக்குறைய ஒன்றுமே மிச்சமில்லை. செல்ஃப் மோட்டாருக்கு நூற்றுக்கணக்கில் ஆம்ப்ஸ் வேண்டும். அதை எங்கிருந்து கொடுப்பது?

கணக்குப் பாருங்கள். 24 வோல்ட், 100 ஆம்ப்-அவர் பேட்டரி ஜோடி (ஓர் ஆம்ப் ஒரு மணி நேரம் ஓடினால் ஓர் ஆம்ப்-அவர்). 100 வாட்ஸ் சாமான் எட்டு மணி நேரம் ஓடுகிறது. இழப்போடு சேர்த்தால் கிட்டத்தட்ட 39 ஆம்ப்-அவர் காலி. புது பேட்டரி என்றால் சமாளிக்கும். பழசாகி 70 ஆம்ப்-அவர்தான் பிடிக்கிறது என்றால் பாதிக்கு மேல் போய்விட்டது, குளிர் காலை என்றால் இன்னும் மோசம். வண்டியோடு வரும் பேட்டரி ஸ்டார்ட் செய்வதற்கென்றே ஆனது. ஒரு நொடிக்கு நிறையக் கொடுக்கும், ஆழமாக இறங்கி ஏறி இறங்கினால் சீக்கிரம் சாகும். தினமும் இரவு முழுக்க ஓட்டுகிறவர்களுக்கு என் யோசனை ஒன்றுதான்: ஆழமாக இறக்கத் தகுந்த தனி பேட்டரி, இன்ஜின் ஓடும்போது மட்டும் அதை ஆல்டர்னேட்டரோடு இணைக்கும் ரிலே. செலவுதான். ஆனால் ஒருமுறை நடுவழியில் நின்றவர்கள் பேரம் பேசாமல் போட்டுக்கொள்கிறார்கள்.

ஒன்றும் மாட்டாமல் சுவிட்ச் மட்டும் போட்டு வைத்தாலும் இன்வெர்ட்டர் குடித்துக்கொண்டேதான் இருக்கும். 0.8 ஆம்ப் குடிக்கும் பெட்டியை அணைக்க மறந்து மூன்று நாள் வண்டியை நிறுத்தினால் 58 ஆம்ப்-அவர் போச்சு. பெட்டி பெரிதாக ஆக இந்தச் சும்மா குடிப்பும் பொதுவாகக் கூடும். எதற்கும் இருக்கட்டும் என்று 3000 வாட்ஸ் வாங்குகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

பெட்டியில் எழுதியிருப்பது

பெரிய எழுத்தில் 2000 என்றிருக்கும். பக்கவாட்டில் சின்ன எழுத்தில், தொடர்ச்சியாக 1000. பெரிய எண் சில நொடி உச்சம் மட்டுமே, பல நேரங்களில் நொடியில் ஒரு பங்குதான். அது எதற்கென்றால், ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் கிளம்பும் கணத்தில் ஓடும்போது இழுப்பதைப்போல மூன்று மடங்கு, ஐந்து மடங்கு, சில வேளை அதற்கு மேலும் இழுக்கும். அதைத் தாங்கத்தான். மைக்ரோவேவில் வேறொரு மாயம். 700 வாட்ஸ் என்று எழுதியிருப்பது உணவுக்குள் போகும் சூடு. பிளக்கில் இழுப்பது 1100 வாட்ஸ் அளவில் இருக்கும்.

மலிவாகக் கிடைப்பது மாடிஃபைடு சைன், அதாவது மின்சார அலை வீட்டில் வருவதுபோல வழுவழுப்பாக இல்லாமல் படிப்படியாக ஏறி இறங்கும் வகை. லேப்டாப் சார்ஜர் பெரும்பாலும் அதில் ஓடிவிடும். ஃபேன் உறுமும், மோட்டார் சூடாகும், மைக்ரோவேவ் முனகிக்கொண்டே மெதுவாகச் சமைக்கும். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத மலிவான ரீசார்ஜ் டார்ச் சிலது புகைந்தே போகும். தூக்கத்தில் மூச்சுக்கு உதவும் கருவி வைத்திருப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம், வீட்டு மின்சாரம் போன்ற வழுவழுப்பான அலை தரும் ப்யூர் சைன்தான். ஃபோன் சார்ஜ் ஏற்ற மட்டும் இன்வெர்ட்டர் போடுவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது. டிசியை ஏசியாக்கி மறுபடி டிசியாக்குவானேன்? வண்டிக்கான யுஎஸ்பி சார்ஜர் போதும்.

இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. படுக்கைக்கு அடியில் போர்வையோடு திணிக்க வேண்டாம், காற்றுப் போக வழி வேண்டும். பேட்டரிப் பெட்டிக்குள்ளும் வேண்டாம், சார்ஜ் ஏறும்போது வெளிவரும் ஹைட்ரஜனுக்கு ஒரு பொறி போதும். பெட்டியின் எர்த் திருகைச் சேஸியோடு இணைக்கலாம். வெளியே வரும் ஏசியின் நியூட்ரலைச் சேஸியோடு இணைக்கும் வேலையைக் கையேடு சொல்லாமல் செய்யாதீர்கள். சில வகைகளில் அந்த இரண்டு முனையிலுமே ஷாக் அடிக்கும். பெட்ரோல், கேஸ் ஏற்றும் டேங்கர்களில் மின்வேலைக்குத் தனி விதிகள் உண்டு, அங்கே கையே வைக்க வேண்டாம்.

எல்லாம் மாட்டி முடித்ததும் இன்ஜினை ஓடவிட்டு, பெட்டி தாங்கும் பெரிய சுமையைப் பத்து நிமிடம் போடுங்கள். சுமையை அணைத்த கையோடு ஒயரின் இரு முனைகளையும், ஃபியூஸ் பிடிக்கும் இடத்தையும் உறைக்கு மேலாகத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. ஒரே ஓர் இடம் மட்டும் சுட்டால் அங்கே நட்டு தளர்ந்திருக்கிறது, அல்லது ஒயர் முனையில் மாட்டும் லக் என்ற உலோக வளையம் சரியாக நசுக்கப்படவில்லை. ஒரு மாதம் வண்டி ஓடிய பிறகு அதே நட்டுகளில் மறுபடி ஸ்பேனரை வையுங்கள், கால் சுற்றாவது நகரும்.